மூக்கில்லாதவன் மோந்து பார்த்த விஸ்கி

சாம்பிள் ரூமின் கட்டிங் டேபிள் மேல் அன்று துணி இல்லை. நான்கு கண்ணாடிக் குவளைகள் இருந்தன. பிஞ்சுச் சுரைக்காயைக் கழுத்தோடு வெட்டி நிறுத்தியதுபோல, அடி பருத்து வாய் சிறுத்த குவளைகள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு டீஸ்பூன். நடுவில், கல்யாணப் பெண்ணை உட்கார வைத்ததுபோல் ஒரு பச்சைப் பாட்டில்.

"மாமா, அவசரப்பட்டுக் குடிச்சுப் போடாதீங்க. மொதல்ல மோந்து பாக்கோணுமுங்க," என்றார் கார்த்திக்.

கார்த்திக் எங்கள் முதலாளி. வயது முப்பத்தைந்து. அவருடைய அப்பா காலத்திலிருந்தே நான் இந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் துணிக்குப் பொறுப்பாளன். அதனால் அவர் என்னை மாமா என்பார். சம்பளம் தருகிறவர் என்பதால் நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டு, கூடவே ‘ங்க’வும் போட்டுக்கொள்வேன்.

சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. கீழே தையல் மிஷின்கள் அலறிக்கொண்டிருந்தன. மேலே நாங்கள் நாலு பேர், கோயில் கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பாட்டிலைக் கொண்டுவந்தவர் ஃபிரேசர். ஸ்காட்லாந்துக்காரர். எங்களிடம் குழந்தைகள் டீ-ஷர்ட் வாங்குகிறவர். என் பக்கத்தில் ரங்கசாமி. அந்த டீ-ஷர்ட்டுகளில் யானை, குருவி, ரயில் என்று படம் அச்சடித்துத் தரும் பிரிண்டிங் யூனிட்காரர்.

நாலு பேரில் மூன்று பேருக்கு மூக்கு இருந்தது. என் மூக்கு செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என் வேலை போய்விடும். ஏனென்றால், இந்தக் கம்பெனியில் எனக்குச் சம்பளமே மூக்குக்குத்தான்.

பொத்திக் குடிக்கும் ஊர்

குடியைப் பற்றி எழுதுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வழக்கமான எச்சரிக்கையைப் பத்திரிகை ஆசிரியர் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். அதைப் படித்துவிட்டுத் திருந்தியவர் ஒருவரையாவது எனக்குக் காட்டினால், பெரிய எழுத்திலேயே போடச் சொல்வேன்.

எங்கள் பக்கம் குடிக்கிற முறையே வேறு. பிராந்திதான் குலதெய்வம். பிளாஸ்டிக் டம்ளரில் பாதி ஊற்றி, பாக்கெட் தண்ணீரைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, கண்ணை இறுக மூடி, இரண்டு விரலால் மூக்கைப் பொத்தி, ஒரே மடக்கு. உள்ளே போனதும் வேப்பெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகத்தைக் கோணி, ஊறுகாயைத் தேடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு, யாரோ இவர்களைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

மங்கலம் ரோட்டில், பவர் டேபிள் என்கிற மின்சார மிஷினில் தைக்கும் டெய்லர் மணியன் என்று எனக்கு ஒரு சிநேகிதர். "ஏனுங்க, அத்தன கஷ்டப்பட்டு எதுக்குங்க குடிக்கோணும்? கொஞ்சம் ருசிச்சுக் குடிச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குடிக்கறதே மறக்கறதுக்குங்க. ருசி பார்த்தா எல்லாம் ஞாபகம் வந்துருமுங்க," என்றார்.

அந்தச் சொல்லை அப்போது சிரித்துவிட்டு விட்டேன். அந்தச் சனிக்கிழமைதான் அது முழுசாகப் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் மூக்கைப் பொத்திக் குடிக்கிறவர்கள் என்றால், ஃபிரேசர் மூக்காலேயே குடிக்கிறவர். குவளையில் ஒரு விரல் உயரம்கூட இல்லை. எங்கள் ஊரில் அதை ‘மிச்சம்’ என்று சொல்லிக் கீழே கொட்டுவார்கள். அவர் அதைச் சுழற்றினார். வெளிச்சத்தில் பிடித்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நிறம் பார்த்தார். பிறகு மூக்கை உள்ளே விட்டு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரங்கசாமி என் காதில், "மயங்கிப் போட்டாருங்களா?" என்றார்.

மயங்கவில்லை. டீஸ்பூனால் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார். மூன்றே சொட்டு. தண்ணீர் விட்டால் வாசம் திறக்குமாம். எங்கள் ஊரில் இரண்டு டம்ளர் தண்ணீர் விடுகிறோம். இதுவரை எதுவும் திறந்ததில்லை.

வறட்டிப் புகை

பாட்டிலின் பெயரைச் சொல்லமாட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, வாயில் நுழையவில்லை. ஃபிரேசர் சொல்லும்போதே தொண்டையில் மீன்முள் சிக்கியவர் மாதிரிதான் இருந்தது.

இது சாதாரண விஸ்கி இல்லையாம். அவர் சொல்லச் சொல்ல கார்த்திக் தமிழில் சொன்னார். அங்கே கடலோரத் தீவில் சதுப்பு நிலம் இருக்கிறதாம். ஆயிரக்கணக்கான வருஷமாகச் செத்த புல்லும் பாசியும் மக்கி மக்கி ஒரு கறுப்பு மண்ணாகிக் கிடக்குமாம். அதற்கு ‘பீட்’ என்று பெயர். அதைச் செங்கல் மாதிரி வெட்டி, காய வைத்து, எரித்து, அந்தப் புகையில் முளை கட்டிய பார்லியை வாட்டுவார்களாம். அந்தப் புகை பார்லியில் ஏறி, சாராயத்தில் இறங்கி, பத்து வருஷம் பீப்பாயில் கிடந்தும் போகாதாம்.

"அதாவதுங்க, வறட்டிப் புகை போட்ட சரக்கு," என்றார் ரங்கசாமி.

"அண்ணா, சித்த நேரம் சும்மா இருங்க," என்று கார்த்திக் பல்லைக் கடித்தார்.

முதலில் கார்த்திக் மோந்து பார்த்தார். தம்பிக்கு விஸ்கி ஞானம் முழுக்கச் செல்போன் கொடுத்தது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, "வெனிலா... ஆரஞ்சுத் தோல்... அப்புறம் பழைய லெதர் நாற்காலி," என்றார். தம்பி எந்த வயதில் லெதர் நாற்காலியைக் கடித்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் அப்பா ஆபீசில் இருந்தது பிளாஸ்டிக் ஒயர் நாற்காலி.

அடுத்து ரங்கசாமி. பழக்க தோஷத்தில் மூக்கைப் பொத்தி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "ஜம்முனு இருக்குதுங்க. ஊறுகா இருக்குதுங்களா?" என்றார்.

ஃபிரேசர் என் பக்கம் திரும்பினார்.

சம்பளம் வாங்கிய மூக்கு

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என் மூக்கின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

துணித் தொழிலில் கொளுத்திப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. துணியிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் கொளுத்தி, அணைத்து, புகையை மோந்து பார்க்க வேண்டும். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும்; சாம்பல் விபூதி மாதிரி உதிரும். பாலியெஸ்டர் என்றால் பிளாஸ்டிக் வாசம். நுனியில் மணி மாதிரி கெட்டியாகத் திரளும். லேப் ரிப்போர்ட் வருவதற்கு இரண்டு நாள் ஆகும். தீக்குச்சிக்கு இரண்டு நொடி.

எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வேலையில், கலப்பு நூலைப் பருத்தி என்று அடித்துச் சொல்லி அவமானப்பட்ட பிறகு, தீப்பெட்டியும் நூலுமாக உட்கார்ந்து நானே பழகினேன். பழகப் பழக மூக்கு கூர்மையானது. எந்தத் துணியில் சோப்பு சரியாக அலசவில்லை, எதில் மீன் வாடை, எது ஈரத்தோடு மடித்தது என்று பெட்டியைத் திறந்ததுமே சொல்வேன். குழந்தைத் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரன் தையல் கோணலைக்கூட மன்னிப்பான். வாடையை மன்னிக்க மாட்டான். ஆகவே பெரிய முதலாளி எனக்கு ஒரு நாற்காலியும் மேஜையும் போட்டுக் கொடுத்து, "சென்னியப்பன் மோந்து பாக்காம ஒரு பொட்டி வெளிய போகக் கூடாது" என்று சட்டம் போட்டார். நானும் அந்த நாற்காலியில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்ததுதான். போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "தானா வந்துரும்" என்றார் டாக்டர். எப்போது என்று அவர் சொல்லவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். செக்கிங் செக்‌ஷன் சகாயமேரி. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறார். ஒருநாள் மத்தியானம் நான் சாம்பார் சாதத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, என்னத்தச் சாப்புடுறீக?"

"சாம்பார் சாதம்மா. இன்னைக்கு நல்லா வாய்ச்சிருக்குது."

"ஊசிப் போயி நூலு வுடுதுண்ணே. மூணு டேபிள் தள்ளி எனக்குக் கொமட்டுது. ஒங்களுக்கு வாசம் வரலியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு என் மூக்கைப் பார்த்தார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பெட்டி திறக்கும்போது சகாயம் என் எதிரே நிற்பார். நான் துணியை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நாலு பேர் பார்க்க மூச்சிழுப்பேன். கண்ணைத் திறக்கும்போது அவர் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தால், சரக்கு சுத்தம். டேப்பைக் கழற்றிச் சுருட்டினால், கழிவு. அவ்வளவுதான். ஏழு மாதம் ஒரு தப்பும் இல்லை. "மாமா மூக்கு வயசாக வயசாகக் கூர்மையாகுதுங்க" என்று கார்த்திக் ஊரெல்லாம் சொன்னார்.

மோந்து பார்த்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? சாயங்காலம் நான் வாங்கித் தரும் இரண்டு பஜ்ஜி. நாற்காலி எனக்கு, பஜ்ஜி அவருக்கு. நியாயம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையா?

கழுதையும் கற்பூரமும்

இப்போது ஃபிரேசர் குவளையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சகாயம் கீழே பெட்டி கட்டும் இடத்தில் இருக்கிறார். விஸ்கிக்கு இஞ்ச் டேப் கிடையாது.

மூக்கைக் குவளைக்குள் விட்டேன். மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு சுருக்கு. வாசம் என்று ஒன்றும் இல்லை. சுவரை மோந்து பார்த்தது மாதிரி இருந்தது. ஒரு வாய் வைத்தேன். நாக்கில் கொஞ்சம் இனிப்பு, ஓரத்தில் உப்பு, தொண்டையில் எரிச்சல். மூக்கில்லாதவனுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

ஆனால் வாய் இருந்தது. மூக்கு போனாலும் ஞாபகம் போகவில்லை. ஃபிரேசர் சற்று முன் சொன்னதையே எடுத்து, என் தீப்பெட்டிக் கதையில் நனைத்துப் பிழிந்தேன்.

"தம்பி, இப்படிச் சொல்லுங்க அவருகிட்ட. பஞ்சு எரிஞ்ச பொகை சட்டுனு வரும், சட்டுனு போயிரும். இது அப்படியில்லீங்க. ஈரத்தோட எரிஞ்ச பொகை. மெதுவா எரிஞ்சிருக்குது, அதனால மெதுவாத்தான் போகுது. பொகைக்குப் பின்னால கொஞ்சம் உப்பு ஒக்காந்திருக்குது. ஊட்டுக்கு வந்த ஒறம்பரை போனதுக்கப்புறமும் அவங்க திண்ட வெத்தலை வாசம் ஊட்டுல நிக்குமல்லங்க, அந்த மாதிரி."

கார்த்திக் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஃபிரேசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபது வருஷமாக எத்தனையோ ஊரில் எத்தனையோ பேருக்கு இதை ஊற்றிக் கொடுத்திருக்கிறாராம். இப்படி ஒரு மூக்கைப் பார்த்ததில்லையாம்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். தெரியாதுதான். ஆனால் கழுதை வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால், கற்பூரமே நம்பிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ரங்கசாமிக்கு என்ன தோன்றியதோ, "எங்க அண்ணன் மூக்கு தங்கமுங்க, தங்கம்!" என்று இரண்டாவது ரவுண்டுக்குத் தன் குவளையை நீட்டினார்.

ஒரு பெட்டி மேலே வந்தது

புகழ்ச்சிக்கு ஒரு குணம் உண்டு. அது தனியாக வராது. வேலையையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஃபிரேசர் குவளையைக் கீழே வைத்தார். திங்கட்கிழமை கண்டெய்னரில் ஏற வேண்டிய யானைப் படம் போட்ட டீ-ஷர்ட்டில், காலையில் ஒரு பெட்டியைத் திறந்தபோது ஏதோ லேசான வாசம் வந்ததாம். தன் பிரமையோ என்று விட்டுவிட்டாராம். "இப்போதுதான் இந்த மூக்கு இருக்கிறதே. இவர் சரி என்று சொன்னால், இங்கேயே கையெழுத்துப் போடுகிறேன்."

கார்த்திக் என்னைப் பார்த்தார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தவரின் பார்வை அது. "மாமா, நல்லதாச் சொல்லிப் போடுங்க," என்று உதடு அசையாமல் சொன்னார். பெட்டியோடு வரச் சொல்லிக் கீழே போன் போனது.

சகாயம்தான் கொண்டுவந்தார். அறையைப் பார்த்ததும் பாட்டில், குவளை, சிவந்த என் முகம் எல்லாம் ஒரு கணத்தில் அவர் கண்ணில் பட்டன. பெட்டியைப் பிரித்தார். நான் ஒரு சின்னச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்து, வழக்கம்போல் மூச்சிழுத்து, கண்ணைத் திறந்தேன்.

டேப்பை அவர் சுருட்டிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட வேகமாக.

"தம்பி, இதை ஏத்த முடியாதுங்க," என்றேன்.

கார்த்திக்கின் முகம் சலவைக்குப் போன சாயத்துணி மாதிரி வெளுத்தது. ஃபிரேசர் முன்னால் குனிந்தார். "என்ன வாசம்?"

அதுதான் வினை. ஏழு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. இஞ்ச் டேப்புக்குத் தெரிந்த பாஷையில் இரண்டே வார்த்தைதான், நல்லது, கெட்டது. என்ன கெட்டது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

விஸ்கிக்குப் பேசிய வாய்தானே, இதற்கும் பேசட்டும் என்று துணிந்தேன். சாயத்தில் போடும் மருந்து ஒன்று சரியாக அலசாவிட்டால் மீன் வாடை வரும். பத்துக்கு ஏழு தடவை அதுதான்.

"மீன் வாடைங்க," என்றேன். "டையிங்ல சரியா அலசலீங்க."

"ஆமாங்க! மீனேதானுங்க!" என்று துள்ளினார் ரங்கசாமி. "அந்த டையிங்காரன் வேலைங்க இது. நான் அப்பவே நெனச்சேன்!"

அவர் துள்ளிய வேகத்தில் எனக்கு ஏதோ இடித்தது. ஃபிரேசரும் புருவத்தைச் சுருக்கினார். அதற்குள் சகாயத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"மீனா? கடக்கரையில பொறந்தவ கண்ணு முன்னால நிக்கிறேன், மீனுங்கிறீக! என்ன மீனுண்ணே, சாளையா, நெத்திலியா? யானைப் படத்துலருந்து மண்ணெண்ணெ நாத்தம் மூக்கத் தொளைக்குது. பச்சப் புள்ளைக போடுற சட்டைண்ணே இது!"

படம் அச்சடிக்கும் பசையில் மண்ணெண்ணெய் கலந்தால் வேலை சுளுவாகும். கலக்கக் கூடாது என்பதும் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ரங்கசாமியைப் பார்த்தோம். அவர் குவளையைப் பார்த்தார்.

"கிருஷ்ணாயிலு... கொஞ்சூண்டுதானுங்க," என்றார்.

கார்த்திக் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாமா, மண்ணெண்ணெய்க்கும் மீனுக்குமா உங்களுக்கு வித்தியாசம் தெரியல?"

இன்னொரு கதை சொல்லித் தப்பித்திருக்கலாம். ஜலதோஷம் என்றிருக்கலாம், விஸ்கி மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு பாவமும் அறியாத டையிங்காரன் தலையை நான் வாங்கப் பார்த்தது என் கண் முன்னாலேயே நின்றது. போதும் என்று தோன்றிவிட்டது.

"எனக்கு மூக்கு போயி ஏழு மாசம் ஆச்சுங்க, தம்பி."

"அப்ப இத்தன நாளா மோந்து பார்த்தது?"

"இவங்கதானுங்க."

"அப்ப நீங்க?"

"நான் பேசுனேனுங்க."

"அப்ப இந்த விஸ்கி?"

"அதுவும் பேச்சுத்தானுங்க."

கார்த்திக் இதையெல்லாம் ஃபிரேசருக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஃபிரேசர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கள் ஊரிலும் பாதிப் பேர் இப்படித்தான், ஒத்துக்கொண்ட முதல் ஆள் நீர்தான்" என்றார்.

தொடாதவர் சொன்ன ருசி

சிரித்து முடித்ததும் தன் குவளையைக் கழுவித் துடைத்து, அதில் கொஞ்சம் ஊற்றி, சகாயத்திடம் நீட்டினார்.

"அய்யய்யோ, நான் தொட மாட்டேன். எங்க வீட்டுக்காரரு தொட்டது எங்க ஏழு தலமொறைக்கும் போதும்," என்று சகாயம் பின்வாங்கினார்.

குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பார்க்கட்டும் என்றார் ஃபிரேசர். சகாயம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குவளையை வாங்கினார். சுழற்றவில்லை. நிறம் பார்க்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. ஒருமுறை மோந்தார். முகம் மாறியது. மறுபடி மோந்தார்.

"கரிமூட்டம்," என்றார்.

"என்னதுங்க?" என்றார் கார்த்திக்.

"கரிமூட்டம் சார். எங்கூருப் பக்கம் சீமக்கருவேலைய வெட்டி அடுக்கி, மேல ஈரமண்ணப் பூசி, உள்ள தீய வச்சா நாலஞ்சு நாளு பொகஞ்சுக்கிட்டே கெடக்கும். அது மேல மழ ஒரு தூத்தல் போட்டா, இதே வாசந்தேன்." இன்னொரு முறை குவளையை மூக்கருகே கொண்டுபோனார். "அடியில கடப்பாசி. கரையில அள்ளிக் காயப் போட்டிருப்பாகள்ல, அது. அப்புறம் கவருமெண்டு ஆசுபத்திரியில புண்ணுக்குத் தடவுவாகளே ஒரு செவப்பு மருந்து, டிஞ்சரு, அதுவுங் கெடக்கு."

கார்த்திக் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, ஃபிரேசர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்தத் தீவில் சரக்கு வைக்கும் கிடங்கின் சுவரிலேயே கடல் அலை அடிக்குமாம். கரையெல்லாம் பாசியாம். கார்த்திக் சந்தேகத்தோடு செல்போனைத் தட்டினார். அந்த விஸ்கியின் வாசம் என்று அதில் போட்டிருந்த பட்டியலில் முதல் மூன்றும் சகாயம் சொன்ன அதே வரிசையில் இருந்தன: ஈரப்புகை, கடற்பாசி, மருந்து. வெனிலாவைக் காணோம். லெதர் நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

சகாயம் குவளையை மேஜையில் வைத்தார். கொஞ்சம் தள்ளியே வைத்தார்.

"எங்கப்பா மூட்டம் போட்டவரு. எங்க சோத்துல, துணியில, தலமுடியில எல்லாம் இந்த வாசந்தேன் அண்ணே. பள்ளிக்கூடத்துல எம் பக்கத்துல ஒருத்தி ஒக்கார மாட்டா. இதுலருந்து தப்பிக்கத்தேன் நான் திருப்பூருக்கு பஸ் ஏறுனேன். இதப் போயி இவரு காசு குடுத்தா வாங்கிக் குடிக்கிறாரு?" ஃபிரேசரைக் கவலையோடு பார்த்தார். "நல்ல மனுசனாத் தெரியுறாரு. வீட்டுல பொம்பளையாளு இருந்தா சொல்லி நிப்பாட்டச் சொல்லுங்க."

கடைசியாகச் சொன்னதை மட்டும் கார்த்திக் மொழிபெயர்க்கவில்லை. ஆர்டர் முக்கியம் அல்லவா?

எனக்கு மணியன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ருசி பார்த்தால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும். பாவம், குடிக்காதவருக்குக்கூட வந்துவிட்டது.

ஒரு நாற்காலி, ஒரு கார்க்

ரங்கசாமி தன் செலவில் எல்லாச் சட்டைகளையும் அலசிக் காய வைத்துத் தந்தார். கண்டெய்னர் தாமதமாகப் போனாலும் போய்ச் சேர்ந்தது. சகாயம் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட சரக்கைத்தான் இனி எடுப்பேன் என்று ஃபிரேசர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் நாற்காலியும் மேஜையும் சகாயத்துக்குப் போயின. சம்பளமும் கூடியது. பஜ்ஜி நின்றது.

என் வேலை போகவில்லை. "மூக்கு போனாப் போகுதுங்க மாமா. வாய் இருக்குதல்ல? ஆடிட்டுக்கு வர்றவங்ககிட்டப் பேசறதுக்கு நமக்கு ஒரு ஆள் வேணும்," என்றார் கார்த்திக். அவர் பாராட்டினாரா, திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சகாயத்தின் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். வயதானவனுக்கு முதுகு நிமிர்ந்திருக்க ஸ்டூல் நல்லதாம்.

போகும்போது ஃபிரேசர் அந்தப் பாட்டிலின் கார்க்கை என் கையில் கொடுத்தார். தினமும் காலையில் மோந்து பாருங்கள், மூக்கு வழி கண்டுபிடித்துத் திரும்பி வரும் என்றார். பாட்டிலைக் கொடுக்கவில்லை. அவ்வளவு நல்லவர் இல்லை.

தினமும் மோந்தேன். "ஏதாச்சும் வருதாண்ணே?" என்பார் சகாயம். "இல்லம்மா" என்பேன். பல மாதம் இப்படியே போனது.

இனி எழுதப்போவது கார்த்திக் தம்பிக்குத் தெரியாது. அவர் வாரப் பத்திரிகை படிப்பதில்லை. விஸ்கி வீடியோதான் பார்ப்பார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலை. கார்க்கை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நூல் இழை மாதிரி மெல்லிசாக ஏதோ ஒன்று உள்ளே போனது. கார்க்கை அழுத்தி மோந்தேன். அதில் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு மோந்தேன். இருந்தது. காகிதம் எரிந்த வாசம். பருத்தி. நூறு சதம் பருத்தி.

எழுந்து அயர்னிங் பக்கம் ஓடினேன். யாரோ இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டுப் போனில் பேசப் போயிருந்தார்கள். தூக்கினேன். அடியில் ஒரு சட்டை லேசாகப் பழுத்திருந்தது. இன்னும் கருகவில்லை, புகையும் வரவில்லை.

திரும்பினால் சகாயம் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கே இப்பத்தேன் வாசம் வந்துச்சு. ஒங்களுக்கு எப்புடிண்ணே தெரிஞ்சுது?"

ஒரு நொடி யோசித்தேன். மாமாவுக்கு மூக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், தம்பி பழைய பாசத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் அந்த மாதிரி நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது.

"பொகையக் கண்ணுல பாத்தம்மா," என்றேன். "வாசமெல்லாம் எனக்கெங்க தெரியுது?"

சகாயம் சட்டையைப் பார்த்தார். புகையே இல்லாத இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்றி மெதுவாகச் சுருட்டினார்.